வாதத்தை வலுவிழக்கச் செய்யும் விடை எது?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டே, சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டுக்குத் தயாராகிறேன். லாஜிக்கல் ரீசனிங்கில் 'இந்த வாதத்தை வலுவிழக்கச் செய்வது எது?' என்று கேட்டால், இரண்டு ஆப்ஷன் வரை வந்துவிட்டு, கடைசியில் தவறானதைக் குறிக்கிறேன். எங்கே பிசகுகிறேன்?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டு வரை வருகிறீர்கள் என்றால் பத்தியை ஒழுங்காகத்தான் படிக்கிறீர்கள். முடிவுக்கு எதிராக ஒலிக்கிற வரியை எடுத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் தேட வேண்டியது, 'இதனால்தான் அது' என்று போட்ட முடிச்சைத் தளர்த்தும் வரியை.

நிஜமாக நடந்த ஒரு விவாதத்தைப் பாருங்கள். 1950-ல் பிரிட்டன் ஆய்வாளர்களான ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும், நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களை வேறு நோயாளிகள் 649 பேரோடு ஒப்பிட்டார்கள். புகைக்காதவர்கள் முதல் கூட்டத்தில் 2 பேர். இரண்டாவதில் 27 பேர். ஆகவே புகைப்பழக்கம் இந்நோய்க்கு ஒரு முக்கியக் காரணம் என்றார்கள்.

'புகைக்காத இருவருக்கும் நோய் வந்ததே' என்ற ஆப்ஷன் இருந்தால் கை அதற்குத்தான் போகும். விட்டுவிடுங்கள். புகைத்தால் மட்டுமே வரும் என்று வாதம் சொல்லவில்லை. 'வேறு காரணங்களாலும் வரும்' என்பதும் போதாது. இரு கூட்டங்களுக்கும் இடையே வித்தியாசம் ஏன் வந்தது என்பதை அது விளக்கவில்லை.

புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் பின்னாளில் எதிர்த்த விதமே வேறு. நோயின் தொடக்கநிலை எரிச்சல்தான் ஒருவரைப் புகைக்கத் தூண்டுகிறதோ? அல்லது ஒரே மரபணு அமைப்பு புகைக்கும் நாட்டத்தையும் நோயையும் சேர்த்துத் தருகிறதோ? 2, 27 என்ற எண்களை அவர் மறுக்கவே இல்லை. அவற்றை ஒப்புக்கொண்டே இன்னொரு விளக்கம் தந்தார். சரியான விடை பெரும்பாலும் இந்த வகைதான்.

பிற்கால ஆய்வுகள் ஃபிஷர் சொன்னதை ஏற்கவில்லை. புகையை விட்டவர்களுக்கு ஆபத்து குறைந்தது. ஆனால் தேர்வில் அந்தத் தீர்ப்பு உங்கள் வேலை இல்லை. ஆப்ஷனை உண்மை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அது வாதத்தை அடியோடு வீழ்த்தவும் தேவையில்லை, நியாயமான சந்தேகம் எழுந்தால் போதும். 'நிஜத்தில் இப்படி நடக்காதே' என்று நல்ல பிள்ளைகள் சரியான விடையை ஒதுக்கிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

பழைய வினாத்தாள்களை எடுங்கள். ஆப்ஷன்களை மறைத்துக்கொண்டு, 'காரணமும் விளைவும் தலைகீழாக இருந்தால்? இரண்டையும் மூன்றாவது ஒன்று உண்டாக்கியிருந்தால்?' என்று கேட்டுவிட்டுப் பிறகு கையை எடுங்கள். 120 நிமிடத்தில் 120 கேள்வி என்பதால் அவசரம் வரும். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும் என்பதால் அந்தச் சில நொடிகளைத் தாராளமாகச் செலவிடலாம்.