பாலினச் சமத்துவமின்மையை விளக்க இத்தனை கோட்பாடுகள் இருக்கின்றனவே, எதை எங்கே பயன்படுத்துவது?

ஒரே வழக்கை எடுத்து எல்லாக் கோட்பாடுகளையும் அதில் பொருத்திப் பாருங்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு இதற்கு நன்றாக உதவும்.

அங்கே ஆட்குறைப்பு என்றால் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வெளியேற வேண்டும்; இதுதான் பணிமூப்பு விதி. 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை நிறுவனம் ஏறக்குறைய எடுத்ததே இல்லை. அதனால் மந்தநிலை வந்ததும், 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலையிழந்தார்கள். 1976இல் நீதிமன்றம் சொன்னது: வெள்ளைப் பெண்களை முன்பே எடுத்திருப்பதால் பாலினப் பாகுபாடு இல்லை, இனப் பாகுபாடு என்றால் நடந்துகொண்டிருக்கும் வேறொரு வழக்கில் சேருங்கள். இரண்டையும் இணைத்து விசாரிக்க அது மறுத்துவிட்டது.

ஆண் சம்பாதிப்பான், பெண் வீட்டைப் பேணுவாள் என்று பிரிக்கும், சமூகவியலாளர் பார்சன்ஸின் செயல்பாட்டுவாதம் இங்கே எடுபடாது. கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வெளியே உழைத்தவர்கள். பெண்ணின் தாழ்நிலையை முதலாளித்துவத்தோடு இணைத்துப் பார்க்கும் மார்க்சியப் பெண்ணியம் மலிவு உழைப்பை விளக்கும், ஆனால் வெள்ளைப் பெண்ணுக்கும் இவர்களுக்கும் உள்ள இடைவெளியில் தடுமாறும். பாலினம் அன்றாட நடத்தையில் உருவாகிறது என்ற, சமூகவியலாளர்கள் வெஸ்ட், சிம்மர்மன் ஆகியோரின் வாதம் (1987) நேர்காணல் அறையை ஆராய அருமையானது. பணிமூப்பு விதியை அது தொடாது. 1989இல் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா இந்த வழக்கையும் வைத்து, இனமும் பாலினமும் ஒன்றோடொன்று பின்னித் தனியான பாதிப்பை உண்டாக்குகின்றன என்னும் இன்டர்செக்‌ஷனாலிட்டியை முன்வைத்தார். இந்த வழக்குக்கு அதுதான் பொருந்துகிறது என்பது என் உறுதியான கருத்து.

பலர் செய்யும் தவறு, இனப் பாதிப்பையும் பாலினப் பாதிப்பையும் வெறுமனே கூட்டிப் பார்ப்பது. தரவு இருந்தால் கறுப்பினப் பெண், கறுப்பின ஆண், வெள்ளைப் பெண், வெள்ளை ஆண் என நான்கு பிரிவுகளையும் தனித்தனியாக எண்ணுங்கள். எண்ணிக்கை சிறிது என்பதற்காக ஒரு பிரிவை இன்னொன்றில் சேர்த்துவிடாதீர்கள்.