கட்டட நிதியும் அபிஷேகமும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தோத்திரம். நாங்கள் போவது எந்த ஸ்தாபனத்தையும் சேராத ஒரு சின்னத் தமிழ்ச் சபை. சிங்கப்பூரில் தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில் வாடகை இடத்தில் ஆராதனை நடக்கிறது. சொந்த இடம் வாங்கப் பல வருஷமாகக் கட்டட நிதி சேர்க்கிறோம். இந்த முறை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து, "கட்டட நிதியில் இப்போது எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டேன். பாஸ்டர் முகம் மாறிவிட்டது. "அப்புறம் பேசலாம் சிஸ்டர்" என்றார் பொருளாளர். அவர் சபையைத் தொடங்கிய குடும்பத்து ஆள். அடுத்த ஞாயிறு பிரசங்கம், "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதேயுங்கள்". அதற்கடுத்த மாதம் ஞாயிறு பள்ளி ஆசிரியர் பட்டியலில் என் பெயர் இல்லை. கோபத்தில் சபை வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதி, கொஞ்ச நேரத்தில் அழித்தும் விட்டேன்.

பாஸ்டர் நல்லவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வேலை அனுமதியில்) வந்தவர், பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். அப்பா கடைசியாக மருத்துவமனையில் இருந்தபோது ராத்திரி முழுக்க எங்களோடு உட்கார்ந்திருந்தார். "நமக்கெதுக்கு வம்பு, வேற சபைக்குப் போவோம்" என்கிறார் என் கணவர். மாமியார் வீட்டில் எல்லாரும் இந்துக்கள், தெரிந்தால் சிரிப்பார்கள். நான் கேட்டது பாவமா? புகார் கொடுப்பதா, சும்மா இருப்பதா?

பெயர் வேண்டாம், ஈசூன்

அன்புள்ள சகோதரி,

பாவம் இல்லை. ஆண்டுப் பொதுக்கூட்டம் கூட்டுவதே இந்தக் கேள்விக்காகத்தான். டீயும் கறிபஃப்பும் வேறு நாளிலும் சாப்பிடலாம்.

அந்த வசனத்தை முதலில் பார்த்துவிடுவோம். 105ஆம் சங்கீதத்தில் அது யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது? ராஜாக்களைப் பார்த்து. ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் சொந்த நிலம் இல்லாமல், ஆள்பலம் இல்லாமல் தேசம் தேசமாக அலைந்தபோது, பலமுள்ளவர்கள் அவர்கள்மேல் கைவைக்கக் கூடாது என்பதற்காக வந்த எச்சரிக்கை அது. மேடையில் மைக்கோடு நிற்பவர் கீழே கேள்வி கேட்டவரைப் பார்த்து அதைச் சொன்னால் வசனம் தலைகீழாகிவிடுகிறது. தாவீது, தன்னைக் கொல்லத் தேடி வந்த சவுல் ராஜாவைத் தொடவில்லை, உண்மைதான். ஆனால் ஒளிந்திருந்த கெபியிலிருந்து (குகையிலிருந்து) வெளியே வந்து, சவுலுக்குத் தெரியாமல் அறுத்தெடுத்த அவன் சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, மூவாயிரம் பேர் பட்டாளத்தோடு வந்திருந்த ராஜாவிடம் சொல்ல வேண்டியதை உரக்கச் சொன்னான். கைவைக்காமல் இருப்பதும் வாயை மூடிக்கொள்வதும் ஒன்றல்ல.

பவுலையும் பாருங்கள். எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோகும்போது, சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனைக் கூட அழைத்துப் போகிறார். இந்தப் பணத்தைப் பற்றி யாரும் தங்கள்மேல் குற்றம் சொல்லக் கூடாது என்று 2 கொரிந்தியர் 8-இல் காரணமும் எழுதிவைக்கிறார். "அப்போஸ்தலனை நம்ப மாட்டீர்களா?" என்று அவர் கேட்கவில்லை.

நம் ஊரில் கேட்காமல் விட்டதற்கு விலை கொடுத்தாயிற்று. சிட்டி ஹார்வெஸ்ட் என்ற பெரிய சபையில் 2003-இலேயே ஓர் உறுப்பினர், சபைப் பணம் பாஸ்டர் கோங் ஹீயின் மனைவி சன் ஹோவின் பாட்டுத் தொழிலுக்குப் போகிறது என்று சொன்னார். கடைசியில் செய்தித்தாளில் மன்னிப்புக் கேட்டது அவர்தான். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரியா என்பது வேறு விஷயம். 2010-இல் விசாரணை தொடங்கியது, 2015-இல் ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. கட்டட நிதியிலிருந்து போலிக் கடன் பத்திரங்களில் போட்ட 24 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதை மறைக்கச் சுற்றிவிட்ட 26 மில்லியன், ஆக 50 மில்லியன் வெள்ளி. 2017-இல் மேல்முறையீட்டில் கோங் ஹீயின் தண்டனை எட்டு வருஷத்திலிருந்து மூன்றரை வருஷமாகக் குறைந்தது.

அந்த மேல்முறையீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர்கள் தங்கள் சொந்தப் பைக்குப் பணம் எடுக்கவில்லை, சபைக்கு நல்லது என்று நம்பித்தான் செய்தார்கள் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இருந்தும் குற்றம் குற்றமாகவே நின்றது. "பாஸ்டர் நல்லவர்" என்று நீங்கள் எழுதியதும் உண்மையாக இருக்கலாம், கட்டட நிதி பற்றிய கேள்வியும் அப்படியே நிற்கலாம். இரண்டுக்கும் சண்டை இல்லை. நம் சபைகளில் இதைத்தான் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கணக்குக் கேட்டால் உடனே திருடன் என்று சொல்லிவிட்டதாகக் கொந்தளிக்கிறார்கள்.

மேலே பேராயர் இருந்தால் தப்பு நடக்காது என்றும் இல்லை. 2004-இல் புனித தெரேசா கத்தோலிக்க ஆலயப் பங்குத் தந்தை ஒருவர் 5.1 மில்லியன் வெள்ளியைக் கையாடியதற்காக ஏழரை வருஷம் சிறைக்குப் போனார். ஆனாலும் மெதடிஸ்டு சபையிலோ ஆங்கிலிக்கன் சபையிலோ குறை இருந்தால் மேலே போய்ச் சொல்ல ஒரு படி உண்டு. உங்களுடையதைப் போன்ற தனிச் சபைகளில் "எங்களுக்கு மேலே கர்த்தர் மட்டும்தான்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கர்த்தர் தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடுவதில்லை.

இப்போது பாஸ்டர் முகம் மாறியதற்கு வருகிறேன். நீங்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது பயமாகவும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. அவருடைய பாஸுக்கு முதலாளி யார்? சபைதான், அதாவது கமிட்டிதான். பாஸ் ரத்தானால் வழக்கமாக 30 நாள் தங்கலாம். பிள்ளைகள் அவருடைய பாஸை ஒட்டி வந்தவர்கள் என்றால், அவர்கள் பாஸும் கூடவே போகும். இந்த நிலையில் இருக்கிற ஒருவர், சபையைத் தொடங்கிய குடும்பத்தின் பொருளாளரைப் பார்த்து "கணக்கைக் காட்டுங்கள்" என்று எத்தனை சத்தமாகச் சொல்வார்? கட்டட நிதியில் எவ்வளவு என்று அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அந்தப் பிரசங்கத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஊரிலிருந்து போதகரை வரவழைத்து, அவருடைய வீட்டையும் விசாவையும் கையில் வைத்துக்கொண்டு, பிறகு தீர்க்கதரிசியைப் போலப் பேசவில்லையே என்று குறைப்படுவது நம் சபைகளின் பழைய வியாதி. மனம் திறந்த பேச்சு வேண்டுமென்றால் அவருக்கும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

சரி, என்ன செய்வது?

வாட்ஸ்அப்பை விடுங்கள். அழித்தாலும் யாரோ படம் பிடித்திருப்பார்கள், அவதூறு என்றால் இங்கே சிவில் வழக்கும் உண்டு, குற்ற வழக்கும் உண்டு. அதைவிட, குழுவில் எழுதினால் பேச்சு உங்கள் குணத்தைப் பற்றியதாகிவிடும், கணக்கைப் பற்றியதாக இராது. கமிட்டி செயலாளருக்கும் பொருளாளருக்கும் ஒரே மின்னஞ்சல், அதில் ஒரே கேள்வி: கடந்த நிதியாண்டு முடிவில் கட்டட நிதியின் இருப்பு என்ன, கணக்கறிக்கையை எங்கே பார்க்கலாம்? உங்கள் சபை பதிவான அறநிறுவனமாக இருந்தால் அவர்கள் புதிதாக எதுவும் தயாரிக்க வேண்டியதில்லை. நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டறிக்கை கொடுத்தாக வேண்டும். ஒரு நோக்கத்துக்கென்று வாங்கிய பணத்தைக் கணக்கில் பொதுப் பணத்தோடு கலக்காமல் தனியாகக் காட்ட வேண்டும். வருட வரவோ செலவோ 5 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பொதுக் கணக்காளர் தணிக்கை செய்திருக்க வேண்டும். அறநிறுவனங்களின் பதிவைப் பார்க்கும் அரசு இணையதளமான சேரிட்டி போர்ட்டலில் சபையின் பெயரைத் தட்டிப் பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, ஆராதனையில் காணிக்கை அனுப்பத் திரையில் காட்டும் பேநவ் கியூஆர் குறியீடு, சபையின் பதிவு எண்ணுக்குப் போகிறதா, யாருடைய கைப்பேசி எண்ணுக்காவது போகிறதா? பணம் அனுப்பும்போது பெயர் வரும், கவனியுங்கள். சபைக் காணிக்கைக்குப் பொதுவாக இங்கே வரிவிலக்கு கிடையாது, அதனால் ரசீது கேட்கும் பழக்கமே நமக்கு வரவில்லை.

பதிலுக்கு ஒரு மாதம் கொடுங்கள். வராவிட்டால், "எனக்குப் பதில் வரவில்லை, அடுத்ததாக அறக்கொடை ஆணையரிடம் கேட்கப் போகிறேன்" என்று அவர்களுக்கே எழுதுங்கள். அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அதிகாரி அவர். பெரும்பாலும் அந்த இடத்தில் கணக்கு வெளியே வரும். அதற்கும் அசையாவிட்டால் ஆணையருக்கு எழுதுங்கள், அதில் துரோகம் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கேயும் "திருடிவிட்டார்கள்" என்று எழுதாதீர்கள். கேட்டது, கேட்ட தேதி, கிடைத்த பதில், அவ்வளவு போதும். (விஷயம் கணக்கைப் பற்றியதாக இல்லாமல், பிள்ளைகளுக்குத் தீங்கு என்ற சந்தேகமாக இருந்தால் இந்தப் படியெல்லாம் கிடையாது. அன்றைக்கே போலீஸ்.)

மாமியார் வீடு சிரிக்கும் என்ற பயம் வேண்டாம். சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயில் நிர்வாகத்தை இதே ஆணையர் விசாரித்துக் கடும் குறைகளைச் சொன்னது 2018-இல். உங்கள் மாமியாருக்கு அந்தக் கதை உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். பேசிப் பாருங்கள், நல்ல யோசனைகூடக் கிடைக்கலாம்.

வேறு சபைக்குப் போவது கடைசி. போவதாக இருந்தால் காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நான்கு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு அதே தொழிற்பேட்டையில் இன்னொரு மாடி பிடிக்காதீர்கள், அங்கேயும் ஒரு கட்டட நிதி தொடங்குவார்கள்.

ஞாயிறு பள்ளி விஷயத்தை இந்த மின்னஞ்சலில் சேர்க்க வேண்டாம். அதைப் பாஸ்டரிடம் நேரிலேயே கேளுங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு. என் பெயரை எடுத்தது நீங்களா, கமிட்டியா என்று கேளுங்கள். உங்கள் அப்பாவுக்காக ராத்திரி முழுக்க விழித்திருந்தவர், அதற்காவது நேராகப் பதில் சொல்வார் என்று நினைக்கிறேன்.