அலுவலகத்துக்குள் நடக்கும் கணினிக் குற்றத்தை விசாரிக்க, செக்யூரிட்டி ஊழியர்களுக்கு முதலில் எதைக் கற்றுத்தர வேண்டும்?

கையை வைக்காமல் இருக்கத்தான். வேலையை விட்டுப் போகும் ஒருவர் வாடிக்கையாளர் பட்டியலைப் பென் டிரைவில் நகலெடுத்துவிட்டார் என்று சந்தேகம் வருகிறது. உடனே யாராவது அவருடைய லேப்டாப்பைத் திறந்து ஃபைல்களைப் புரட்டினால், தேதி, நேரம் போன்ற தடயங்கள் மாறிவிடும். அணைந்திருக்கும் கணினியை ஆன் செய்யக் கூடாது. ஓடிக்கொண்டிருப்பதை அவசரப்பட்டு அணைக்கவும் கூடாது. ராம் நினைவகத்தில் இருப்பது போய்விடும். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் அதைத் திறக்கும் சாவியும் கூடவே போகலாம்.

அப்புறம் படியெடுப்பது. ரைட் பிளாக்கர் (டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) மாட்டி டிஸ்க்கை முழுதாகப் படியெடுத்து, அசலுக்கும் படிக்கும் ஹாஷ் மதிப்பு (உள்ளே இருக்கும் தரவிலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான குறியீடு) ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆராய்வதெல்லாம் படியில்தான். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின்படி, மின்னணு ஆதாரத்தோடு கொடுக்க வேண்டிய 63-ஆம் பிரிவுச் சான்றிதழிலேயே ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். பயிற்சிக்கு ஒரு பழைய லேப்டாப் போதும். அது யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்குப் போனது என்பதையும் ஒவ்வொரு முறையும் எழுத வையுங்கள்.

இன்னொன்று, சந்தேகத்துக்கு ஆளானவரும் சக ஊழியர்தான். விசாரணைக்குத் தொடர்பில்லாத அவருடைய சொந்தப் படங்களையும் மெசேஜ்களையும் துழாவக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள்.