பாசஞ்சர் ரயில் யாருக்காக?

கேள்வி: பாசஞ்சர் ரயில்கள் பல ஊர்களில் காலியாகத்தான் ஓடுகின்றன. பஸ்ஸே சீக்கிரம் போய்விடுகிறது. நஷ்டத்தில் ஓடும் இந்த வண்டிகளை நிறுத்திவிட்டு, இன்னும் நாலு வந்தே பாரத் விட்டால் என்ன?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: நிறுத்தவே கூடாது. காலியாக ஓடுகிறது என்கிறீர்கள், சரி. ஏன் காலியாக ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

திருவாரூர்–காரைக்குடி பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அகலப்பாதை வேலைக்காக 2012-ல் அங்கே மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். ஏழு வருஷம் கழித்து, 2019 ஜூனில் டெமு என்கிற டீசல் ரயில் வந்தது. பாதை புதுசு, வண்டி புதுசு. ஆனால் ரயில்வே கேட்டுகளுக்குக் கேட் கீப்பர்கள் இல்லை. அதனால் ஆட்களை வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் வண்டி நிற்கும். முன் பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிப் போய் கேட்டை மூடுவார். வண்டி மெல்ல நகர்ந்து கேட்டைத் தாண்டி மறுபடி நிற்கும். பின் பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். அடுத்த கேட்டிலும் இதே கதை. சுமார் 150 கிலோமீட்டர் போக ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பட்டுக்கோட்டையில் வேலைக்குப் போகிறவர் இந்த வண்டியை நம்பி எப்படி வீட்டைவிட்டுக் கிளம்புவார்? பஸ்ஸுக்குப் போனார்கள். பழகிப்போனவர்களை ரயிலுக்குத் திருப்பிக் கூட்டிவருவது லேசான காரியமில்லை.

இத்தனைக்கும் இந்தப் பாதையின் பழைய பகுதி, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-ல் ஓடத் தொடங்கியது, தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்டது. அந்த ஜில்லா மக்கள் கட்டிய வரிப் பணம் அது. அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகளிடம் போய் 'உங்கள் வண்டியால் நஷ்டம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கட்டண விஷயம் இன்னும் வருத்தமானது. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளை 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். வேகம் கூடவில்லை, குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆனது. பல சின்ன ஸ்டேஷன்களில் நிறுத்தமும் போனது. பக்கத்து ஊர்ச் சந்தைக்குக் கூடையோடு போகிற அம்மாவுக்குப் போக வர 60 ரூபாய். 2024 பிப்ரவரி கடைசியில்தான் பழைய 10 ரூபாய் திரும்பியது. நடுவில் போன வருஷங்களில் அவர் ஷேர் ஆட்டோவுக்கு மாறியிருந்தால் குற்றம் அவருடையதா?

நஷ்டம் உண்மைதான், மறுக்கவில்லை. பயணிகள் வண்டியில் விழும் பள்ளத்தைச் சரக்கு வண்டி வருமானத்தால் நிரப்புகிறார்கள். ஆனால் அது மொத்தப் பயணிகள் கணக்கு. பாசஞ்சர் வண்டியை மட்டும் அதற்குப் பலியாகக் கேட்பது நியாயமில்லை. அதுவும் வந்தே பாரத்துக்காக! சென்னைக்குப் போகிறவருக்கு அது நல்ல வண்டி. பேராவூரணியில் ஏறி அறந்தாங்கியில் இறங்குகிறவருக்கு அதனால் என்ன பயன்?

செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. மின்மயமான பாதைகளில் டெமுவை எடுத்துவிட்டு, மின்சாரத்தில் ஓடும் மெமு விடலாம். நின்று நின்று போகும் வண்டிக்கு அது சட்டென்று வேகம் பிடிப்பது பெரிய உதவி. ஒற்றைப் பாதையில் ஒவ்வொரு எக்ஸ்பிரஸுக்கும் வழிவிட, கிராசிங் என்று பாசஞ்சரையே ஸ்டேஷனின் பக்கத் தண்டவாளமான லூப் லைனில் போட்டு வைக்கிற வழக்கத்தை, காலை மாலை இரண்டு வேளையாவது விட வேண்டும். குஜராத்தில் 2024 செப்டம்பரில் புஜ்–அகமதாபாத் இடையே நமோ பாரத் என்று குறுந்தூரப் பயணத்துக்கான ஏசி வண்டி விட்டார்கள். மனசு வைத்தால் நடக்கும்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது நேரம். வண்டி காலை ஒன்பதுக்குள் ஊர் சேர வேண்டும். மாலை ஐந்தரைக்கு மேல் கிளம்ப வேண்டும். ஆபீஸ் திறந்து இரண்டு மணி நேரம் கழித்து வந்து நிற்கிற ரயிலுக்கு யார் சீசன் டிக்கெட் எடுப்பார்கள்? காலி என்று நீங்கள் பார்த்த அந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது? அதைக் குறித்து அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.