அம்மாவின் ரிப்போர்ட்டில் ‘ஜீனோம் நிலையின்மை’: எனக்கும் வருமா டாக்டர்?

கேள்வி: அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ போய்க்கொண்டிருக்கிறது. ரிப்போர்ட்டில் ‘பி.ஆர்.சி.ஏ.1 பிறழ்வு, ஜீனோம் நிலையின்மை அதிகம்’ என்று போட்டிருக்கிறது. ஊரில் எல்லோரும் போர் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். எனக்கும் தம்பிக்கும் வருமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: தண்ணீர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நம் பக்கத்துத் தண்ணீரில் உள்ள புளோரைடு பல்லில் கறை போடும், எலும்பைக் கெடுக்கும். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பி.ஆர்.சி.ஏ.1 என்பது ஒரு மரபணு. அதில் வந்திருக்கும் இந்தப் பிறழ்வை, அதாவது எழுத்துப் பிழையை, தண்ணீரின் தலையில் போட முடியாது.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் மொத்த டி.என்.ஏ.வின், அதாவது ஜீனோமின், சுமார் 600 கோடி எழுத்துகளையும் நகல் எடுத்தாக வேண்டும். நகலெடுக்கும் நொதி ஏறக்குறைய லட்சத்துக்கு ஒரு எழுத்தைத் தப்பாகப் போடும். உடனுக்குடன் நடக்கும் திருத்தத்தில் அது நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிடும்.

புற்றுசெல்லுக்கு இந்த நிதானம் கிடையாது. மூலப்பொருள் சேரும் முன்பே நகலெடுக்க ஆரம்பித்து, பாதி வழியில் நின்றுபோகும். நின்ற இடத்தில் பிரிந்து கிடக்கும் டி.என்.ஏ. இழையை வேறு நொதிகள் அரித்துவிடாமல் காப்பதும், அறுந்தால் ஒழுங்காகச் சேர்ப்பதும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் உருவாக்கும் புரதங்களின் வேலை. பிறழ்வால் அம்மாவின் கட்டியில் அந்தக் காவல் இல்லை. அறுந்த முனைகள் கண்டபடி ஒட்டிக்கொள்கின்றன. ஒரு குரோமோசோமின் துண்டு இன்னொன்றில் போய்ச் சேரும், சில துண்டுகள் தொலைந்தே போகும். ரிப்போர்ட் சொல்லும் நிலையின்மை இதுதான்.

பயமாகத்தான் இருக்கும். ஆனால் சிகிச்சைக்கு இதுவே பிடி. கீமோ மருந்தான கார்போபிளாட்டின் டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்து நகலெடுப்பை முடக்குகிறது; பழுதுபார்க்கத் தெரியாத செல் அதோடு செத்துப்போகும். கீமோவுக்கு நோய் கட்டுப்பட்டால், அப்புறம் புற்றுசெல்லின் மிச்சப் பழுதுபார்ப்பையும் தடுக்கும் ஓலாபரிப் மாத்திரை கொடுக்கலாமா என்று உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. அந்தப் பரிசோதனை கட்டியில் செய்ததா, ரத்தத்தில் செய்ததா என்று பாருங்கள். கட்டியில் மட்டும் என்றால் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனையும் வேண்டும். அதிலும் பிறழ்வு இருந்தால் அது பரம்பரையாகக் கடத்தப்படக் கூடியது; பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. வருவது பிறழ்வுதான், புற்றுநோய் அல்ல. ஆனால் அது உள்ள பெண்ணுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயம் மிக அதிகம். உங்களுக்கும் இருந்தால் மார்பக எம்.ஆர்.ஐ. கண்காணிப்பு, குழந்தைப்பேறு முடிந்த பிறகு 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடுவது பற்றியெல்லாம் பேச வேண்டியிருக்கும். தம்பியை ‘ஆம்பளைதானே’ என்று விட்டுவிடாதீர்கள். அவர் பிள்ளைகளுக்கும் இது போகலாம்.