தலைவரின் அதீத நம்பிக்கையால் ஒரு நாடு வங்குரோத்தாக முடியுமா?

முடியும். அண்மைய உதாரணம் 2019-க்கும் 2022-க்கும் இடைப்பட்ட இலங்கை. "கொரோனா வந்தது, சுற்றுலா படுத்தது" என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் தேதிகளைப் பார்ப்பதில்லை. சுற்றுலா வருமானம் 2019-இல் சுமார் 3.6 பில்லியன் டொலர், அடுத்த ஆண்டில் 0.7 பில்லியன்கூட இல்லை. அந்த அடி உண்மைதான். ஆனால் வரிக்குறைப்பு அமுலுக்கு வந்த நாள் 2019 டிசம்பர் 1. அப்போது கொரோனா என்ற பெயரையே யாரும் கேள்விப்படவில்லை.

கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியாகப் பதவியேற்ற சில நாட்களிலேயே வற் வரி (பெறுமதி சேர் வரி) 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. தேசக் கட்டுமான வரி ஒழிக்கப்பட்டது. வற் பதிவுக்கான வருடாந்த விற்பனை எல்லை 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனுக்கு ஏறியது. வரி குறைந்தால் வியாபாரம் பெருகும், பெருகிய வியாபாரத்திலிருந்து விட்ட பணம் தானாகத் திரும்பும் என்பது வாதம். போட்டுப் பார்ப்போம்: 15-க்குப் பதில் 8 வாங்கி அதே தொகையைச் சேர்க்க, வரிக்குள் வரும் விற்பனை 87.5 சதவீதம் கூட வேண்டும். ஆண்டுக்கு 6.5 சதவீதம் விடாமல் வளர்ந்தாலும் அதற்குப் பத்து ஆண்டு பிடிக்கும். 2019-இல் வளர்ச்சி 3 சதவீதத்துக்கும் கீழே. பதிவு எல்லையை உயர்த்தியதால் வலைக்குள் இருந்தவர்களும் வெளியே போய்விட்டார்கள். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்ற கணக்கு. 2020-இல் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதமளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டிலேயே நாடுகளின் கடன் தகுதியை மதிப்பிடும் தர நிர்ணய நிறுவனங்கள் இலங்கையைக் கீழே தள்ள, வெளிநாட்டுச் சந்தையில் புதுக்கடன் வாங்கும் கதவு மூடியது. பற்றாக்குறையை மத்திய வங்கி பணம் அச்சிட்டு நிரப்பியது.

உரத் தடைதான் இதைவிடப் பாடம் உள்ளது. தேர்தல் விஞ்ஞாபனத்தில் இயற்கை விவசாயத்துக்கு மாறப் பத்து ஆண்டு அவகாசம் இருந்தது. 2021 மே 6-இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து வந்த வர்த்தமானி (அரசிதழ்) அதை ஒரே நாளாகச் சுருக்கியது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். நல்ல கூட்டெருவில் 1 முதல் 2 சதவீதம். 100 கிலோ யூரியா தரும் 46 கிலோ நைதரசனுக்கு ஈடாக 1.5 சதவீதக் கூட்டெரு போட்டால் 3 டன் தேவை. அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், மீதி மண்ணில் மெதுவாகத்தான் கரையும். பெரும்போகத்தில் (ஆண்டு இறுதியில் விதைத்து அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அறுக்கும் பருவம்) விதைக்கும் நிலம் 7 லட்சம் ஹெக்டேருக்கு மேல். அவ்வளவு எருவை யார் செய்வது, எந்த லொறி ஏற்றுவது? விவசாயப் பொருளியலாளர்கள் நெல் விளைச்சல் 25 சதவீதமும் தேயிலை 35 சதவீதமும் விழலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது காலதாமதம். தடை வந்தபோது சிறுபோக (ஆண்டு நடுவில் வரும் சிறிய பருவம்) விதைப்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தது, கையில் பழைய உரமும் இருந்தது. ஆகவே முதல் சில மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தீர்களா, பயமுறுத்தினார்களே" என்று ஆதரவாளர்கள் சொல்லும் காலம் அதுதான். விளைவு தெரிந்தது பெரும்போக அறுவடையில், அதாவது 2022 தொடக்கத்தில். முந்தைய பெரும்போகத்தில் சுமார் 30 லட்சம் டன்னாக இருந்த நெல் 20 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. தடையை நவம்பர் இறுதியில் நீக்கினார்கள். அதற்குள் நாற்று வயலில் நின்றது. மே மாதத்தில் டன் 350 டொலர் அளவில் கிடைத்த யூரியா உலகச் சந்தையில் 900-ஐத் தொட்டிருந்தது.

மூன்றாவது முடிச்சு ரூபா. 2021 செப்டெம்பரிலிருந்து டொலரை 203 ரூபாவுக்கு அருகில் பிடித்து வைத்தார்கள். வெளியே உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார். (உண்டியல் என்றால் வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் வழி.) வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வங்கி வழியாக அனுப்பியது 2020 டிசம்பரில் 800 மில்லியன் டொலருக்கு மேல், 2021 டிசம்பரில் 325 மில்லியன். விலையைப் பிடித்து டொலரைக் காப்பாற்றப் போய், வரவேண்டிய டொலரை விரட்டினார்கள்.

அப்படியிருந்தும் 2022 ஜனவரி 18-இல் 500 மில்லியன் டொலர் பிணைமுறியை (வெளிநாட்டுச் சந்தையில் கடன் வாங்க விற்ற பத்திரம்) முழுதாகக் கட்டினார்கள். டிசம்பர் இறுதியில் காட்டிய கையிருப்பு 3.1 பில்லியன், அதில் பாதியளவு இறக்குமதிக்கு எடுத்துச் செலவழிக்க முடியாத, சீனாவுடனான நாணயப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் வந்த பணம். சர்வதேச நாணய நிதியத்தின் உதவி வேண்டாம், எங்களிடமே ஆறுமாதத் திட்டம் இருக்கிறது என்றார்கள். கடன் மறுசீரமைப்புப் பேச்சுக்கு மாதக்கணக்காகும். அந்த மாதங்களில் எரிபொருளும் மருந்தும் வாங்கக் கையில் கொஞ்சம் டொலர் வேண்டும். அதைச் செலவழித்துவிட்டுப் பேசப் போனால் மக்கள்தான் வரிசையில் நிற்பார்கள். மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம். ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். செப்டெம்பரில் கொழும்பு விலையேற்றம் 70 சதவீதத்தைத் தொட்டது.

இப்படியான தலைமையை முன்பே அடையாளம் காண மேடைப்பேச்சைக் கேட்டுப் பயனில்லை. நம்பிக்கையாகப் பேசாத அரசியல்வாதி எங்கே இருக்கிறார்? திட்டத்தில் கைவிடும் எண் இருக்கிறதா என்று பாருங்கள்: எந்த மாதத்துக்குள் வருமானம் எவ்வளவுக்குக் கீழே போனால் வரி பழையபடி ஏறும், எந்த மாவட்டத்தில் ஒரு போகம் பரிசோதித்த பிறகு தடை நாடு முழுக்க வரும். மேலே சொன்ன எந்த முடிவிலும் அப்படி ஒரு எண் அறிவிக்கப்படவில்லை. அடுத்து, விளைவு எப்போது தெரியும் என்று கேளுங்கள். ஆறு மாதம் கழித்துத் தெரியும் விஷயத்தில் முதல் மூன்று மாத அமைதி சான்றாகாது. எச்சரித்த அதிகாரியின் கணக்குக்கு இன்னொரு கணக்கு பதிலாக வந்ததா, அல்லது அவருக்குத் துரோகிப் பட்டம் வந்ததா என்பதையும் பாருங்கள்.

2023-இல் வந்த மத்திய வங்கிச் சட்டம், அரசின் பத்திரங்களை முதல்நிலைச் சந்தையில், அதாவது அரசிடமிருந்து நேரடியாக, மத்திய வங்கி வாங்குவதைத் தடுக்கிறது. அச்சிட்டு நிரப்பும் வழிக்கு அது பூட்டு. அதே ஆண்டு நவம்பர் 14-இல் உச்ச நீதிமன்றம், கோட்டாபயவும் அவரது சகோதரர்கள் மகிந்த, பசில் ராஜபக்சக்களும் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்கள் சிலரும் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று 4-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மக்களுக்கு நட்டஈடு எதுவும் விதிக்கவில்லை, மனுதாரர்களின் வழக்குச் செலவை மட்டும் கொடுக்கச் சொன்னது.