பூஜ்யம் எழுதிய பலகை

மதிப்பிற்குரிய மேடம்,

ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் நான்கு வருடமாக சேஃப்டி ஆபீசராக இருக்கிறேன். இப்போது 300 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் அதே வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். நண்பர்கள் சிரிக்கிறார்கள். பிரஸ் மிஷினும் கிரேனும் பார்த்தவனுக்கு அங்கே என்ன வேலை, தீயணைப்பு சிலிண்டரில் தேதி பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம் என்கிறார்கள். முதல் சுற்று நேர்காணலில், போன வருடம் முழுக்கப் பணியாளர்களுக்கு ஒரு விபத்துகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். அதைப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் நர்ஸாக இருந்து இந்த வேலைக்கு வந்தவர் என்று உங்கள் கட்டுரையில் படித்தேன். நான் போகலாமா? போனால் எதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்?

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள தம்பி,

போகலாம். ஆனால் அந்தப் பலகையைப் பற்றி முதலில் பேசிவிடுவோம்.

300 படுக்கை உள்ள இடத்தில் காலை, மாலை, ராத்திரி என்று நாள் முழுக்க ஊசி போட்டபடியே இருப்பார்கள். அங்கே ஒரு வருடத்தில் ஒருவர் கையில்கூட ஊசி குத்தவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். குத்தியிருக்கும், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தொழிற்சாலையில் பிரஸ்ஸில் விரல் போனால் மறைக்க முடியாது, ரத்தம் தரையெல்லாம் இருக்கும். மருத்துவமனையில் காயம் கடுகளவுதான். ஒரு சொட்டு ரத்தம், துடைத்தால் போச்சு. அதனால் நீங்கள் இதுவரை பார்த்த வேலைக்கும் இனிமேல் பார்க்கப்போகும் வேலைக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. இங்கே விபத்தைத் தடுப்பதற்கு முன்னால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருடம் அது. ஹவுஸ்கீப்பிங்கில் ஓர் அக்கா வராந்தா துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பை இடது கையால் மட்டும் பிழிகிறார். ரப்பர் கையுறை போட்டிருந்த வலது கை சும்மா தொங்குகிறது. "கை என்னாச்சுக்கா?" என்றேன். "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று நகரப் பார்த்தார். கையுறையைக் கழற்றச் சொன்னேன். உள்ளங்கையில் மஞ்சள் பற்று, சுற்றிலும் வீக்கம். சாதாரணக் குப்பை போடும் கறுப்புப் பையை அமுக்கி முடிச்சுப் போடும்போது ஊசி ஏறியிருக்கிறது. எப்போது என்று கேட்டேன். போன செவ்வாய் என்றார். அன்றைக்கு வியாழன். ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாள்தான் எனக்கு இடி. யாருடைய ரத்தம் பட்ட ஊசி என்று தெரியாதபோது எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், கூடுமானால் 2 மணி நேரத்துக்குள், தொடங்கிவிட வேண்டும். கடைசி எல்லை 72 மணி நேரம். தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். அக்காவுக்கு அந்தக் கதவு என்றைக்கோ மூடிவிட்டது. எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் பயப்படுவார்கள். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்த பிறகு வார்டுகளுக்குள் வந்த பயம் அது, இன்னும் போகவில்லை. கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் 3. ஹெபடைடிஸ் சி என்றால் நூற்றில் 2 வரை போகலாம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி நூற்றில் 30 வரை போகும். அந்த வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூட ஒரு வாரம் உயிரோடு இருக்கும். இத்தனைக்கும் இந்த மூன்றில் தடுப்பூசி இருப்பது அதற்கு மட்டும்தான். அக்காவுக்கு அதைப் போட்டிருக்கவில்லை. அவர் கான்ட்ராக்ட் ஆள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவருக்கு முன்னால் இன்னொரு பெண் சொல்லியிருக்கிறாள். "கண்ணு எங்க வெச்சிருந்த?" என்று சூப்பர்வைசர் திட்டியிருக்கிறார், ரத்தப் பரிசோதனைக்கு ஆன காசைச் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்தவர் எப்படிச் சொல்வார்? அன்றைக்கே முதல் ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி முதல் தவணை எல்லாம் செய்தோம். பிறகு ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று திரும்பத் திரும்பப் பரிசோதனை. ஒவ்வொரு முறையும் ரிசல்ட் வாங்க என் அறை வாசலில் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நிற்பார். வீட்டுக்காரரிடம் சொல்லவே இல்லை. கடைசி ரிசல்ட்டும் நல்லபடியாக வந்தது. ஆனாலும் அந்த ஆறு மாதத்தை யாரும் அவருக்குத் திருப்பித் தர முடியாது.

சரி, கறுப்புப் பைக்குள் ஊசி எப்படி வந்தது? இங்கேதான் உங்கள் தொழிற்சாலை அனுபவம் கைகொடுக்கும். நான் முதலில் நர்ஸுகளுக்கு வகுப்பெடுத்தேன், போஸ்டர் ஒட்டினேன். ஒன்றும் மாறவில்லை. அப்புறம் ஒரு வாரம் ராத்திரி ஷிஃப்டில் போய் வார்டு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். பயன்படுத்திய ஊசியைப் போட வேண்டிய வெள்ளை டப்பா நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில். கடைசிப் படுக்கையிலிருந்து அங்கே வர நாற்பது அடி நடக்க வேண்டும். இருபது நோயாளிக்கு இரண்டே நர்ஸ். ஊசியைப் பஞ்சோடு கிட்னி டிரேயில் போடுகிறார்கள், அவசரத்தில் டிரே அப்படியே குப்பைக்கூடையில் கவிழ்கிறது. வெள்ளை டப்பாவை டிரஸ்ஸிங் டிராலியிலேயே பொருத்தினோம், முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி மாற்றச் சொன்னோம். அதற்குப் பிறகு அந்த வார்டின் கறுப்புப் பையில் ஊசி வருவது அநேகமாக நின்றேபோனது. மிஷினுக்குப் பாதுகாப்புத் தடுப்பு போடாமல் தொழிலாளியைக் கவனமாக இரு என்று சொன்னால் நீங்கள் ஏற்பீர்களா? அதே நியாயம்தான் இங்கேயும்.

விபத்துப் பதிவேடும் மாறியது. சோதனைச் செலவு மருத்துவமனையுடையது, யாரும் யாரையும் திட்டக் கூடாது என்று எழுத்தில் வாங்கினேன். அடுத்த வருடம் எண்ணிக்கை ஏறியது. நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் வந்த பிறகுதான் விபத்து அதிகமாகிறது என்றது. உங்களையும் கூப்பிடுவார்கள், தயாராக இருங்கள்.

எக்ஸ்ரே, இதய ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் பார்த்துச் சிகிச்சை செய்யும் கேத் லேப் பக்கமும் இதே கதைதான். கதிர்வீச்சை அளக்க மார்பில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப் போகும். அளவு கூடினால் கேள்வி வரும், வேலை மாற்றிவிடுவார்கள் என்று சிலர் அதை மேசை டிராயரில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். அறிக்கையில் சுத்தமான எண் வரும். டிராயருக்கு என்ன கதிர்வீச்சு படும்? அந்தத் துறையில் எல்லோர் அளவும் சொல்லிவைத்தாற்போல் குறைவாக இருந்தால் முதலில் டிராயரைத் திறந்து பாருங்கள்.

தீ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மறந்துவிட்டுப் புதிதாகப் படிக்க வேண்டும். மணி அடித்தால் எல்லோரும் வெளியே ஓடி மைதானத்தில் நின்று தலை எண்ணுவது உங்கள் பழக்கம். வென்டிலேட்டரில் இருப்பவரை மூன்றாவது மாடியிலிருந்து எப்படி இறக்குவீர்கள்? அதனால் முதலில் அதே மாடியில், தீத்தடுப்புக் கதவைத் தாண்டி அடுத்த பகுதிக்குப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கதவு மூடியிருந்தால்தான் புகை நிற்கும். 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் பிடித்த தீயில் சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது மேல்மாடிகளுக்கு ஏறிய புகை. நீங்கள் சேர்ந்த அன்றைக்கே எல்லா மாடியும் ஏறுங்கள். காற்று வரட்டும் என்று அந்தக் கதவுக்குச் செங்கல்லோ ஆக்ஸிஜன் சிலிண்டரோ முட்டுக் கொடுத்திருப்பார்கள். தீயணைப்பு சிலிண்டரில் தேதி பார்ப்பதைவிட அதை எடுப்பதுதான் முக்கியம்.

இன்னும் இருக்கிறது. 80 கிலோ நோயாளியைப் பெட்ஷீட்டைப் பிடித்து இழுத்து இழுத்து முப்பது வயதிலேயே இடுப்பு போன நர்ஸுகள், ராத்திரியில் நோயாளியின் உறவினரிடம் அடி வாங்கும் டியூட்டி டாக்டர்கள். தமிழ்நாட்டில் அதற்கு 2008 முதல் தனிச் சட்டமே உண்டு. இதெல்லாம் தனியாக எழுத வேண்டியவை.

இரண்டாம் சுற்று நேர்காணலில் ஒன்று கேளுங்கள்: கான்ட்ராக்ட் பணியாளர்களின் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிப் பதிவேட்டைப் பார்க்கலாமா? மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் அதைப் போட வேண்டும் என்று 2016-ன் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது, கான்ட்ராக்ட் ஆள் என்று விலக்கு கிடையாது. 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் ஆள் மாறிவிடுவதால் அந்த வரிசைதான் வழக்கமாகக் காலியாக இருக்கும். காலியாக இருந்தாலும் பரவாயில்லை, எடுத்துக் காட்டினால் வேலையில் சேருங்கள், சேர்ந்து நிரப்புங்கள். அப்படி ஒரு பதிவேடே இல்லை என்றால், அதைத் தொடங்க அனுமதி உண்டா என்று அங்கேயே கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.